ஒரு படகில் போன இருவர்

ஜெகதாப்பட்டினத்துப் பொன்னுத்தாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த அலுவலகத்துக்குப் போவதாக இருந்தாலும், அங்கே சொல்ல வேண்டிய சொற்களை முதல் நாளே தனக்குள் ஒழுங்குபடுத்தி வைத்துக்கொள்வாள். துறைமுகத்தில் மீன்களை இனம் பிரித்துக் கூடைகளில் போடுவது அவள் வேலை. இறால் ஒரு பக்கம், நண்டு ஒரு பக்கம், கழிசல் ஒரு பக்கம் என்று கை தானாக ஓடிக்கொண்டிருக்கும். வாயோ மறுநாளைய பேச்சை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். புறப்படும் முன் சீயக்காய்த் தூளைக் குழைத்து முழங்கை வரை தேய்த்துக் கழுவுவாள். பேருந்தில் இருக்கை காலியாக இருந்தாலும் பின்வாசலருகே நின்றபடியே வருவாள். அலுவலகத்தில் யாரேனும் ஒருமுறை "உட்காருங்க" என்றால் உட்கார மாட்டாள். இரண்டாம் முறையும் சொன்னால்தான் அது தனக்குச் சொன்னதென்று நம்புவாள்.

இவ்வாறு பல அலுவலகங்களின் படி ஏறியவள் காவல் நிலையத்துப் படியை மட்டும் ஏறியதில்லை. ஏற வேண்டிய தேவை இப்போது வந்துவிட்டது. அவள் கணவன் நாகராசு கடலுக்குப் போய்க் கரை திரும்பாமல் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. புயலில் கூரை பறிபோன நாள் முதல் அவளும் மகள் இனியாவும் தகரத்தின் அடியில் குடியிருக்கிறார்கள். அரசு கட்டித்தரும் தொகுப்பு வீட்டுக்கு அவள் பெயர் வந்துவிட்டது. ஆனால் மனையின் பட்டா நாகராசுவின் பெயரில் இருந்தது.

"ஆள் இருந்தா அழைச்சுக்கிட்டு வாங்க. இல்லைன்னா இறப்புச் சான்று கொண்டாங்க" என்றார் தாலுகா அலுவலகத்து எழுத்தர்.

அவளிடம் ஆளும் இல்லை, சான்றும் இல்லை. ஏழாண்டுக்கு மேல் எவ்விதச் செய்தியும் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ள நீதிமன்றத்தில் வழி உண்டென்றும், காணாமல் போனது பற்றிக் காவல் நிலையத்தில் பதிந்த முதல் தகவல் அறிக்கையின் நகல் அதற்கு வேண்டுமென்றும் அவரே எடுத்துச் சொன்னார். பதிந்திருப்பார்கள் என்பதில் பொன்னுத்தாய்க்கு ஐயமே இல்லை. அந்நாளில் துறைமுகமே திரண்டு, அங்கு வந்த காவலர்களிடம் மனுக் கொடுத்ததைக் கண்ணால் கண்டவள் அவள்.

காவல் நிலையத்தின் வாசலில், வேப்பமரத்து நிழலில் சற்று நேரம் நின்று, மனப்பாடம் செய்ததை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வரவேற்பு மேசையில் காக்கிச் சீருடையில் இளம்பெண் ஒருத்தி இருந்தாள்.

"உக்காருங்கம்மா."

பொன்னுத்தாய் நின்றாள்.

"ஒங்களத்தாம்மா. உக்காருங்க. வேர்த்து ஊத்துது பாருங்க, மொதல்ல தண்ணி குடிங்க."

நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, தண்ணீரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, பொன்னுத்தாய் ஒரே மூச்சில் ஒப்பித்தாள்: "ஐயா, எம் புருசன் நாகராசு கடலுக்குப் போயி வரலை, அதுக்குக் குடுத்த மனுவுல போட்ட கேசுக்கு நகல் வேணும், தாலுகா ஆபீசுல கேக்குறாக, நான் படிக்காதவ, தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க."

"நான் ஐயா இல்லம்மா" என்று அந்தப் பெண் சிரித்தாள். "எம் பேரு சுடர்விழி. தப்பா ஒண்ணும் சொல்லல. அவசரப்படாம மறுபடி சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

படகு யாருடையது, எந்த மாதம், யாருடன் போனார், எந்தத் துறையிலிருந்து போனார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். கேள்விக்கும் கேள்விக்கும் இடையில் அவள் காட்டிய பொறுமை பொன்னுத்தாய்க்கு அச்சத்தையே தந்தது. இவ்வளவு பணிவுக்குப் பின்னால் பெரிய தொகை ஏதேனும் காத்திருக்கும் என்று எண்ணியவள், முந்தானை முடிச்சைத் தொட்டுக்கொண்டு, "நகலுக்கு என்ன ஆகுங்கம்மா?" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது. ஒங்க வீட்டுக்காரர் கேஸ், ஒங்களுக்கு ஃப்ரீயாத்தான் தரணும். வெளியில எவனாவது காசு கேட்டா எங்கிட்டச் சொல்லுங்க."

அடுத்த மேசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஏட்டு ஆத்மநாதன் தலையை நிமிர்த்தினார். "ஏம்மா, அந்த வருசத்துக் கட்டெல்லாம் மாடியில கெடக்கு. கரையான் தின்னுட்டு மிச்சம் வச்சிருந்தா எடுத்துத் தாரேன்."

பொன்னுத்தாயின் முகம் மாறியதைச் சுடர்விழி கண்டாள். "அவர் அப்படித்தாம்மா பேசுவாரு. ஆனா தேடாம விடமாட்டாரு. ஒங்க போன் நம்பரைக் குடுங்க. கெடச்சதும் கூப்புடுறேன். நீங்க வேலையக் கெடுத்துக்கிட்டு அலைய வேணாம்."

மகளின் எண்ணைச் சொல்லிவிட்டு வெளியே வந்தபோதுதான், தண்ணீரைக் குடிக்காமலே வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

அன்று மாலை இதை அவள் முதலில் சொன்னது சந்தனமேரியிடந்தான். நாகராசு போன படகில் போன மற்றொருவன் ஜெரால்டு. அவனைப் பெற்றவள் சந்தனமேரி. படகு அவர்களுடையது. நாகராசுவும் ஜெரால்டும் பங்குக்குத் தொழில் செய்தவர்கள். இரு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான் இருந்தது. அதையும் புயல் கொண்டுபோனபின் இருவரும் மறுபடி போடவில்லை.

"நாற்காலி குடுத்து, தண்ணி குடுத்து, காசு வேணாமுன்னும் சொன்னாகளா?" என்று சந்தனமேரி வலையைச் சிக்கெடுத்தபடியே கேட்டாள். "ஏத்தா பொன்னு, போலீஸ் ஸ்டேசனுக்குப் போனியா, இல்ல சம்பந்தி வீட்டுக்குப் போயிட்டு வந்தியா?"

"நெசந்தான் மேரியக்கா. போன் பண்றேன்னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு."

"பண்ணுவா பண்ணுவா. அமெரிக்காவுலேருந்து பண்ணுவா." சிரித்து முடித்தவள் சட்டென்று கேட்டாள்: "அந்த மனு கெடச்சா நல்லதுதான். அதுல நம்ம ஆளுக ரெண்டு பேரு பேரும் இருக்கும்ல? அதை வச்சு மறுபடியும் மேல எழுதிப் போடலாம். எந்தச் செயில்ல வச்சிருக்கான்னு ஒரு பதிலாவது வரும்."

தான் அந்த நகலை எதற்காகக் கேட்டாள் என்பதைச் சொல்லப் பொன்னுத்தாய்க்கு வாய் வரவில்லை. "ஆமாக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சந்தனமேரியின் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. நாகராசுவும் ஜெரால்டும் போன அதே இரவில், எல்லை தாண்டியதாகச் சில விசைப்படகுகள் பிடிபட்டு, அவற்றில் இருந்தவர்கள் அக்கரைச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். விடிந்ததும் துறைமுகத்தில் அழுகையும் கூச்சலுமாக இருந்தது. பிடிபட்டவர்களின் பெயர்களைத் திரட்டி விடுதலைக்கு மனு எழுதினார்கள். பெயர் விட்டுப்போனால் எல்லாரும் வந்தபின்னும் நம் ஆள் மட்டும் உள்ளேயே கிடப்பானே என்ற பதைப்பில் பொன்னுத்தாயும் சந்தனமேரியும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போய், நாகராசு, ஜெரால்டு என்னும் பெயர்களையும் சேர்க்கச் சொன்னார்கள். அவர்களுடைய சிறுபடகு பிடிபட்டதைக் கண்டவர் எவரும் இல்லை. பிடிபடவில்லை என்று சொல்லவும் எவருக்கும் மனம் வரவில்லை. கடல் கொண்டது என்பதைவிடக் காவலில் இருக்கிறார்கள் என்பது எத்தனையோ மடங்கு மேலல்லவா? விடுதலையானவர்கள் ஊர் வந்து, "அவுகளை அங்கிட்டு நாங்க பாக்கலையே" என்று சொன்னபோதும், வேறு சிறையாக இருக்கும் என்று ஊரே சொல்லிற்று. பிற்காலத்தில் யார் விடுதலையாகி வந்தாலும் அவர்களை ஏற்றி வரும் வேனின் அருகே அவ்விரு பெண்களும் நின்றார்கள். கல்லறைத் திருநாளன்று ஊரார் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகையில், சந்தனமேரி மட்டும் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

சுடர்விழி சொன்னபடியே தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா, கெளம்பி வாங்க. போன்ல வேணாம், நேர்ல சொல்றேன்" என்ற அந்தக் குரலில் முன்பிருந்த சிரிப்பு இல்லை.

பொன்னுத்தாய் போனபோது, தூசு படிந்த கட்டு ஒன்று மேசைமேல் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. ஆத்மநாதனின் தலைமுடியிலும் சட்டையிலும் ஒட்டடை இருந்தது. இம்முறை அவர் கேலி பேசவில்லை. தாமே எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"அம்மா, அந்த வருசம் முழுசும் பாத்துட்டோம்" என்றாள் சுடர்விழி. "முன்னால ஒரு வருசம், பின்னால ரெண்டு வருசமும் ஏட்டையா பாத்துட்டாரு. ஒங்க வீட்டுக்காரரைக் காணோம்னு ஒரு எஃப்.ஐ.ஆர். போடவே இல்ல."

"மனுக் குடுத்தோமேம்மா. ரேகை வச்சேனே."

"அந்த மனு இருக்கு. இந்தா பாருங்க, இது ஒங்க ரேகைதான். ஆனா இதுல என்ன எழுதியிருக்குன்னா, பிடிபட்டவங்களை விடுதலை பண்ணச் சொல்லி எழுதியிருக்கு. இதோட நகலை மீன்துறைக்கு அனுப்பிட்டாங்க. பிடிபட்டவரு சிறையில இருக்காருன்னுதான் அர்த்தம். இருக்கிற ஆளைக் காணோம்னு எப்படிக் கேஸ் போடுவாங்க?"

பொன்னுத்தாய் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். நீல மை பூசிய தன் கட்டைவிரல் அங்கே இருந்தது. அதற்கடுத்தது சந்தனமேரியின் கையெழுத்து.

"அப்பக் கேசே கெடையாதா?"

"இல்லம்மா. அதனால..." சுடர்விழி சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்தினாள். "ஒங்கள நோகடிக்கணும்னு சொல்லல. தெரிஞ்சுக்கணும்னுதான் சொல்றேன். காணோம்னு கேஸ் போட்டா, எல்லாக் கடலோர ஸ்டேசனுக்கும் போட்டோவும் அடையாளமும் போகும். ராமநாதபுரம், நாகப்பட்டினம்னு எங்கெங்க கரையில ஆள் ஒதுங்கியிருந்தாலும், பேர் தெரியாம எந்த ஆஸ்பத்திரியில கெடந்தாலும், அதோட ஒத்துப் பாப்பாங்க. அதெல்லாம் நடக்கவே இல்லம்மா. இதுவரைக்கும் அவரை யாருமே தேடல."

மின்விசிறி சுழன்று கொண்டிருந்தது. வெளியே யாரோ மிதிவண்டித் திருட்டைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொன்னுத்தாய் அழுவாள் என்று எதிர்பார்த்து ஆத்மநாதன் பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அழவில்லை. ஒன்பது ஆண்டுகளாகத் தான் காத்திருந்ததும், வேனுக்கருகே நின்றதும், நோன்பிருந்ததுமே தேடுதல் என்று எண்ணியிருந்தாள். அவை ஒன்றும் தேடுதல் அல்ல என்று இவ்வளவு மெதுவாக, இவ்வளவு மரியாதையாக ஒருத்தி சொல்லிவிட்டாள். கடிந்து பேசியிருந்தால் கோபப்பட்டு எழுந்து போயிருக்கலாம். அதற்கும் இடமில்லாமற் போயிற்று.

"இப்பப் போட முடியுமாம்மா?"

"முடியும். இத்தனை வருசம் ஏன் தாமதம்னு எழுதணும். பிடிச்சுக்கிட்டுப் போயிருப்பாகன்னு நம்புனோம்னு நடந்ததை நடந்தபடி எழுதுவோம், அதுல குத்தம் ஒண்ணும் இல்ல. நாங்க விசாரிப்போம், தேடுவோம். கெடைக்கலைன்னா கெடைக்கலைன்னு சான்று குடுப்போம். அதுக்கப்புறம் கோர்ட்டுதான் சொல்லணும். நாள் ஆகும்மா. வீடு நாளைக்கே வந்துரும்னு பொய் சொல்ல மாட்டேன்."

"எழுதிக்கங்க" என்று சொல்ல வாயெடுத்த பொன்னுத்தாய், மனதில் ஏதோ தட்டியதுபோல நிறுத்தினாள். "அவுக பேரை மட்டும் எழுதுனாப் போதுமா?"

"ஒரு படகுல ரெண்டு பேரு போயிருக்காங்க. ஒருத்தரை மட்டும் எப்படிம்மா எழுதுறது? படகே திரும்பலைன்னு எழுதுறப்ப ரெண்டு பேரும்தான் வருவாங்க."

"ஜெரால்டோட ஆத்தா வரணுமா?"

"வரணும்னு கட்டாயம் இல்ல. நீங்க ஒருத்தர் குடுத்தாலே கேஸ் போட்டுரலாம். ஆனா அந்தத் தம்பியோட அங்க அடையாளம் வேணும். மச்சம், தழும்பு, உடுத்தியிருந்த துணி. பெத்தவங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்." சுடர்விழி அவள் முகத்தையே பார்த்தாள். "வேணும்னா நான் யூனிபார்ம் இல்லாம வந்து அவங்ககிட்டப் பேசுறேம்மா."

"வேணாம்மா. நானே பேசுறேன்."

அவள் நேரே சந்தனமேரியின் வீட்டுக்குப் போனாள். சுற்றி வளைக்கவில்லை. தாலுகா அலுவலகத்தில் கேட்டது, மனுவில் இருந்தது, காவல் நிலையத்தில் சொன்னது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். சந்தனமேரி குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கி வைத்தாள்.

"ஆக, ஒனக்குக் கூரை வேணும். அதுக்கு எம் புள்ள சாகணும்."

"அக்கா, நான் அப்படியா சொன்னேன்?"

"வேற எப்படிச் சொன்னே? நகல் வாங்கப் போறேன்னு சொன்னப்ப என்ன நெனச்சேன் தெரியுமா? நமக்கு ஒரு ஆள் கெடச்சிருச்சு, கேக்க ஒரு நாதி கெடச்சிருச்சுன்னு நெனச்சேன்டி. தண்ணி குடுத்தாக, நாற்காலி குடுத்தாகன்னு பெருமையாச் சொன்னியே, எதுக்குன்னு இப்பல்ல தெரியுது."

"அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதக்கா. அது ஒருத்திதான் உள்ளதச் சொல்லுச்சு. அவுகளை யாருமே தேடலையாம்க்கா. நம்மதான் செயில்ல இருக்காகன்னு எழுதிக் குடுத்துட்டோமே, அப்புறம் யாரு தேடுவா?"

சந்தனமேரி கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "நான்தான ஒன்னைக் கையப் புடிச்சு முன்னால இழுத்துக்கிட்டுப் போனேன், பேரைச் சேக்கச் சொல்லி" என்றாள்.

"ரெண்டு பேரும்தான்க்கா போனோம். யாரு கைய யாரு புடிச்சோம்னு எனக்கு ஞாபகமே இல்ல."

"எனக்கு இருக்கு."

பிறகு பொன்னுத்தாய் தணிந்த குரலில், "ஜெரால்டோட அடையாளம் கேக்குறாகக்கா. தழும்பு, மச்சம்..." என்று தொடங்கினாள்.

"வாய மூடு!" சந்தனமேரி கத்தியது தெருவரை கேட்டது. "உசுரோட இருக்கிறவனுக்கு எதுக்குடி மச்சமும் தழும்பும்? பேரைச் சொல்லிக் கூப்புட்டா வந்துட்டுப் போறான். அடையாளம் கேக்குறது பொணத்துக்கு. எம் வாயால அதை நான் சொல்ல மாட்டேன். நீ வேணா சொல்லு. ஒன் கண்ணு முன்னால வளந்தவன்தான, ஒனக்குத் தெரியாததா?"

அது உண்மை. ஜெரால்டின் இடக்கையில் தூண்டில் முள் கிழித்த தழும்பு இருந்தது. அன்று மஞ்சள் அரைத்துக் கட்டியவள் பொன்னுத்தாய்தான். அவன் கடைசியாக உடுத்தியிருந்த பச்சைக் கட்டம் போட்ட கைலியையும் அவள் அறிவாள். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் இனியா தகரத்தின் ஓட்டைக்கு நேராகத் தரையில் வைத்திருந்த அண்டாவை நகர்த்திக்கொண்டிருந்தாள். மழைக்காலம் நெருங்கிவிட்டது.

"மேரியம்மா சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சும்மா. வேணாம்னா விட்டுரு. வீடு இல்லாட்டி என்ன, இப்படியேதான இருந்தோம்."

"வீட்டுக்காக இல்லடி" என்றாள் பொன்னுத்தாய். சொன்ன பிறகுதான் அது மெய்யென்று அவளுக்கே தெரிந்தது. வீடு கேட்டுத்தான் அலுவலகத்துக்குப் போனாள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போது நெஞ்சில் முள்ளாக நின்றது வேறு. முன்பின் தெரியாத கரை ஒன்றில் ஒதுங்கி, எவரோ குழி தோண்டி மூடி, பெயர் தெரியாதவர் என்று எழுதி வைத்திருந்தால்? அல்லது, பேச்சும் நினைவும் தப்பிய ஒருவராக எங்கோ ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கிடந்திருந்தால்? இரண்டில் எது நடந்திருந்தாலும், அவரைக் கேட்டு ஒருவர்கூட அங்கே போகவில்லை. தன் கணவன் கேட்பாரற்றவன் அல்லன் என்று இந்த ஒன்பது ஆண்டுகளாக அவள் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர் ஒருவரும் இல்லை என்பதே நடந்தது.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. சந்தனமேரியின் கதவு சாத்தியிருந்தது. தட்டலாமா என்று நின்று பார்த்தாள். உள்ளே செபமாலை சொல்லும் குரல் கேட்கவே, அதைக் குலைக்க மனமின்றி நடந்தாள்.

சுடர்விழி வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, பொன்னுத்தாய் சொல்லச் சொல்ல எழுதினாள். நாகராசுவின் உயரம், வலது காதருகே இருந்த மரு, உடைந்து அரைகுறையாகச் சேர்ந்த சுண்டுவிரல் எல்லாவற்றையும் பொன்னுத்தாய் தடுமாறாமல் சொன்னாள். மருவைச் சொல்லும்போது மட்டும் தன் காதருகே விரலை வைத்துக் காட்டினாள். எழுதியதைச் சுடர்விழி நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினாள். ஓரிடத்தில் பொன்னுத்தாய் திருத்தம் சொன்னாள். சுடர்விழி முகம் சுளிக்காமல் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

"ஜெரால்டு தம்பியோட அடையாளம் வேணும்மா. அவங்க அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொல்லலம்மா."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

பொன்னுத்தாய் தலையசைத்தாள். சுடர்விழி பேனாவைத் தாளின்மேல் வைத்துக் காத்திருந்தாள்.

"தெரியும். ஆனா நான் சொல்லலம்மா" என்றாள் பொன்னுத்தாய். "ரெண்டு பேரையும் தேடுங்க. ஜெரால்டு பேரு இருக்கட்டும். அடையாளத்துக்கு எடம் விட்டு வைங்க. அவுக ஆத்தா வரட்டும். நான் தெனமும் போய்க் கேக்குறேன்."